ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிராமம்

கிராமத்துச் சாப்பாட்டைக் கண்டுபிடித்தது பனியன் கம்பெனிதான் என்று சொன்னால் கொங்கு நாட்டில் பாதிப் பேருக்குக் கோபம் வரும், மீதிப் பேருக்குப் பசி வரும். கோபப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். திருப்பூரைச் சுற்றி எந்த ரோட்டைப் பிடித்துப் போனாலும் சீக்கிரமே ஓர் ஓலைக்கொட்டாய் ஓட்டல் வந்துவிடுகிறது. வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்று சாய்ந்திருக்கும். அதன் ஜோடி அநேகமாக அடுத்த ஓட்டல் வாசலில் இருக்கும். அரிக்கேன் விளக்கு தொங்கும், அதற்குள் எல்இடி பல்பு எரியும். அம்மியில் அரைத்தது, விறகில் வெந்தது, செக்கில் ஆட்டியது என்று மூன்று சத்தியங்கள் ஃபிளெக்ஸில் அச்சாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே இலை கிடைக்கக் காத்துக் கிடக்க வேண்டும். காத்திருப்பவர்களில் பலர் வாரம் பூராவும் ஓவர்லாக் மெஷின் சத்தத்தில் கழித்தவர்கள். அவர்களுடைய அப்பாவோ தாத்தாவோ இதே மாதிரி ஒரு கிராமத்திலிருந்து, அங்கே வயிற்றுக்கு வழியில்லை என்றுதான் திருப்பூர் வந்து சேர்ந்தார். பேரன் பெட்ரோல் போட்டுக்கொண்டு அதே பக்கம் திரும்பிப் போகிறான், வயிறாரச் சாப்பிட. இதைக் கிண்டல் செய்துவிட்டுப் போய்விடலாம், சுலபமான வேலை. எனக்கென்னவோ இதில் ஒரு தொழில் ரகசியம் தெரிகிறது. நூல் வாங்கி, பின்னி, சாயம் போட்டு, வெட்டி, தைத்து, பெட்டி கட்டுகிற ஊர், அதே கையோடு கிராமத்தையும் ஒரு சரக்காகத் தயாரித்துவிட்டது. பனியன் ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கப்பலேறுகிறது. இந்தச் சரக்கு மட்டும் முழுக்க உள்ளூர் விற்பனை.

இந்த விஷயத்தில் திருப்பூர் முன்னோடி என்று சொல்ல முடியாது. நாம் தைக்கிற டி-ஷர்ட்டை வாங்கிப் போடுகிற இங்கிலாந்துக்காரர்கள் நமக்கு முன்னாலேயே இதைச் செய்து முடித்துவிட்டார்கள். கிராமப்புறத்துக்குப் போய் ஒரு நாள் பூராவும் ருசித்துச் சாப்பிடுவது அங்கே பெரிய நாகரிகம். பச்சைப் புல்வெளி, கல்வீடு, ஆற்றங்கரை, அதன் மேல் ஒரு பப். பப் மெனுவில் 'பிளவ்மேன்ஸ் லஞ்ச்' இருக்கும். உழவனுடைய மதியச் சாப்பாடாம்: ரொட்டி, ஒரு துண்டு சீஸ், ஊறுகாய், வெங்காயம். ஏரை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து ஆயிரம் வருஷமாகத் தின்றுவந்தது போல இருக்கும். ரொட்டியும் சீஸும் உழவன் தின்றதுதான், அதில் தகராறு இல்லை. ஆனால் அதற்கு அந்தப் பெயர் சூட்டி பப் பப்பாக ஏற்றிவிட்டது 1950களில் சீஸ் பியூரோ என்ற விளம்பர அமைப்பு. 1960களில் பால் விற்பனை வாரியம் அதை ஊரறியச் செய்தது. போர்க்காலத்து ரேஷன் அங்கே 1954இல்தான் முழுசாக ஒழிந்தது. ரேஷன் சீஸில் நாக்குச் செத்துப்போன ஜனங்களை மறுபடி சீஸ் பக்கம் திருப்ப வேண்டும், அதற்கு உழவனைக் கூப்பிட்டார்கள். உழவன் அதற்குள் டிராக்டர் ஏறிப் போயிருந்தான். ஸ்டில்டன் சீஸ் கதை இதைவிட அழகு. அந்தப் பெயருக்கு 1996 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் ஆகிய மூன்று இடங்களில் செய்தால்தான் அது ஸ்டில்டன். ஸ்டில்டன் என்ற ஊர் அந்த மூன்றிலும் இல்லை! குதிரை வண்டிக் காலத்தில் லண்டனிலிருந்து வடக்கே போகிற பெருவழியில் இருந்த ஊர் அது. வழிப்போக்கர்கள் அங்கே வாங்கித் தின்றதால் ஊர்ப் பெயர் சீஸுக்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே இன்றைக்கு ஸ்டில்டன்காரர் தன் ஊரில் செய்த சீஸை அந்தப் பெயரில் விற்க முடியாது.

இந்த மாதிரிச் சாப்பாட்டு இடங்களுக்கெல்லாம் மார்க் போடுகிற மிஷ்லின் யார்? டயர் கம்பெனி. 1900இல் பிரான்ஸ் நாடு பூராவும் மூவாயிரம் கார்கூட இல்லாத காலத்தில், கார் வைத்திருப்பவர்கள் இன்னும் நாலு ஊர் சுற்றினால்தானே டயர் தேயும் என்று கணக்குப் போட்டு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். 1926இல் நட்சத்திரம் வந்தது. இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை மாற்றிக்கொண்டாவது போகலாம். மூன்று என்றால் அதற்காகவே கிளம்பிப் போகலாம். இலக்கணத்தைக் கவனியுங்கள்: உப்பு, உறைப்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை, அத்தனையும் கிலோமீட்டர். தேம்ஸ் ஆற்றங்கரையில் பிரே என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே வாட்டர்சைடு இன் என்ற ஓட்டல் 1985இல் மூன்று நட்சத்திரம் வாங்கியது, ஃபேட் டக் என்ற ஓட்டல் 2004இல் வாங்கியது. இரண்டாவதின் புகழ்பெற்ற ஐட்டம் நத்தைக் கஞ்சி. பிரே கிராமத்து உழவர்கள் நத்தைக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள் என்று அந்த ஓட்டலே சொன்னதில்லை. லண்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம், ஹீத்ரோ விமான நிலையமும் பக்கம். அந்தக் கிராமத்தின் விசேஷம் அதுதான். பெரிய காரியங்களைக் கிராமத்தில் வைத்துச் செய்வதில் அவர்களுக்கு அப்படி ஒரு பிரியம். 2025 ஜூலை 24ஆம் தேதி இந்திய - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதும் பக்கிங்ஹாம்ஷயர் கிராமப்புறத்தில் இருக்கிற செக்கர்ஸ் மாளிகையில்தான். நம் பனியனுக்கு அங்கே சுங்கவரி போகும், அவர்கள் விஸ்கிக்கு இங்கே நூற்றைம்பது சதவீத வரி பாதியாகும் என்பது ஏற்பாடு. யாருக்கு லாபம் என்பதைத் திருப்பூரில் சனிக்கிழமை ராத்திரி விசாரித்தால் ஒருமித்த பதில் கிடைக்கும்.

சரி, நம் உழவன் என்ன சாப்பிட்டான்? காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரம் மழை மறைவுப் பிரதேசம். மழை வருஷத்துக்கு அறுநூறு மில்லிமீட்டர் பக்கம். அதுவும் வந்தால் உண்டு. அந்த மண்ணுக்கென்று ஏற்பட்டது கொறங்காடு. கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப்புல் வளரவிட்டு, நிழலுக்கு நாலு வெள்வேல மரம் நிறுத்தி, ஆடு மாடுகளை அடைத்துவிடுவார்கள். காங்கயம் காளைக்கு அந்தத் திமிர் வந்தது அந்தப் புல்லில்தான் என்பார்கள். ஆனால் மேய்ந்தது ஆடு. மேய்த்தவனுக்குக் கிடைத்தது கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக்களி, தொட்டுக்கொள்ளக் கொள்ளுப் பருப்போ தட்டைப்பயறுக் குழம்போ. நெல்லுச்சோறு நோம்பிக்கு. ஆட்டைச் சந்தைக்கு ஓட்டினார்கள். அந்தக் காசில் மகள் கல்யாணமும் கிணறு வெட்டும் நடந்தன. அதைத் தானே அறுத்துத் தின்றவனைச் சொந்தக்காரர்கள் கவலையோடு பார்த்திருப்பார்கள். கோழியும் அப்படித்தான், மாப்பிள்ளை வந்தால் ஒன்று அடிபடும். ஊத்துக்குளி வெண்ணெய்க்கு இவ்வளவு பெயர் இருக்கிறதே, பாலைக் கடைந்தவர்கள் வெண்ணெயை ரயிலேற்றிவிட்டு மோரைத்தான் குடித்தார்கள். மோரின் மகிமை பற்றிக் கொங்குப் பாட்டிகள் அவ்வளவு சொன்னதற்குக் காரணம் வீட்டில் மிஞ்சியது அதுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை இலையைப் பாருங்கள். முதலில் ஒரு சின்ன டம்ளரில் கம்பங்கூழ் வரும், மரியாதைக்கு. அதற்குப் பின்னால் ஆட்டுக்கறி, தலைக்கறி, குடல், ரத்தப் பொரியல், மூளை, நாட்டுக்கோழி வறுவல், பிச்சிப்போட்ட கோழி, காடை, வான்கோழி, மீன் என்று வந்துகொண்டே இருக்கும். தண்ணிக் குழம்பு தனி, கெட்டிக் குழம்பு தனி, முடிவில் பச்சைப்புளி ரசம். பெரியவர்கள் வருஷம் பூராவும் குடித்தது ஒரு டம்ளரில் அடங்கிவிட்டது. வருஷத்துக்கு நாலு நாள் சாப்பிட்டது இலை நிறைய நிற்கிறது. நாலு நோம்பியையும் ஒரு மாப்பிள்ளை விருந்தையும் சேர்த்துப் பிழிந்து ஒரே மதியத்தில் இறக்குவதற்குக் கிராமத்தில் யாரிடமும் காசு இருந்ததில்லை. காசு வந்தது ஏற்றுமதியில். 1970களின் கடைசியில் இத்தாலிக்குச் சரக்குப் போகத் தொடங்கி, 1980களில் பின்னலாடை ஊரையே தூக்கி நிறுத்திய பிறகுதான் இப்படி ஓர் இலையை நினைத்துப் பார்க்கவே முடிந்தது.

இன்னொரு சாட்சி பள்ளிபாளையம் சிக்கன். கொங்குக் கிராமத்துச் சமையல் என்று சென்னை முதல் சிங்கப்பூர் வரை போர்டு மாட்டி விற்கிறார்கள். பள்ளிபாளையம் ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் மறுகரையில் இருக்கும் விசைத்தறி ஊர். பக்கத்திலேயே காகித ஆலை வேறு. அங்கே கோழி கூவியதைவிடத் தறி கூவியதுதான் அதிகம். செய்முறையைப் பார்த்தாலே தெரியும். எண்ணெய் காய்ந்ததும் வரமிளகாயை விதை தட்டிக் கிள்ளிப் போடுகிறார்கள், ஒரு கைப்பிடி இரண்டு கைப்பிடி என்று கணக்கில்லாமல். சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள். சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கிய கோழி. கறி வெந்து, தண்ணீர் சுண்டி, எண்ணெய் பிரிகிற நேரத்தில் தேங்காயைச் சில்லுச் சில்லாகக் கீறிப் போட்டு ஒரு புரட்டு. அவ்வளவுதான். மல்லியில்லை, கரம் மசாலா இல்லை, அரைக்கிற வேலையே இல்லை. ஃபிளெக்ஸில் சத்தியம் செய்திருக்கிற அம்மிக்கு இதில் இடமே கிடையாது. அரைக்க ஆளும் நேரமும் இல்லாத ஊரில், தறியை நிறுத்திவிட்டு வந்தவனுக்குச் சுடச்சுடப் போட்டுக் கொடுத்த கறி இது என்பது என் ஊகம். ருசியே அப்படித்தான் சாட்சி சொல்கிறது. கலக்கியும் அந்தக் கோத்திரம். முட்டையை உடைத்து, உப்பும் மிளகுத்தூளும் ஒரு கரண்டி சால்னாவும் விட்டு அடித்து, தோசைக்கல்லில் ஊற்றிய உடனே ஓரத்தை மடித்து மடித்து உருட்டி, உள்ளே பாதி நீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டில் தள்ளிவிட வேண்டும். அரை நிமிஷ வேலை. இன்னும் பத்து வினாடி விட்டால் அது ஆம்லெட், மாஸ்டருக்கு அவமானம். நைட் ஷிப்டுக்குப் போகிறவன் நின்றபடி தின்பதற்காகவே படைக்கப்பட்டது போல இருக்கிறது அது. கொங்கு நாடு உலகத்துக்குக் கொடுத்தவற்றில் உருப்படியான இரண்டு என்று நான் எண்ணும் இவை இரண்டுமே தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் பிறந்த சாப்பாடு. இரண்டும் இன்றைக்கு ஓலைக்கொட்டாய் மெனுவில் ‘பாரம்பரியம்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன.

கோழிக்கே வருவோம். தமிழ்நாட்டில் கறிக்கோழி பண்ணை விலை என்ன என்று கேட்டால் பல்லடத்தைப் பார்க்கச் சொல்வார்கள். தினசரி விலையை அறிவிக்கிற ஒருங்கிணைப்புக் குழு அங்கேதான் இருக்கிறது. பல்லடம் விசைத்தறி ஊர் என்பதும் நினைவில் இருக்கட்டும். உடுமலைப்பேட்டையில் 1980களில் தொடங்கிய சுகுணா போன்ற கம்பெனிகள் இந்தக் கோழி வளர்ப்பை எப்படி நடத்துகின்றன தெரியுமா? குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. விவசாயி கொட்டாய் போட்டு வளர்த்துக் கொடுக்கிறார், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்கிக்கொள்கிறார். நாற்பது நாளில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். துணியும் நூலும் கம்பெனியுடையது, தைத்துக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்பதுதானே ஜாப் ஒர்க்! பனியனுக்கு என்ன மூளையோ அதே மூளைதான் கோழிக்கும். இவ்வளவு கோழி வந்த பிறகுதான் நாட்டுக்கோழி என்றொரு தனி மரியாதையே உண்டாயிற்று. எல்லாக் கோழியும் நாட்டுக்கோழியாக இருந்த காலத்தில் அதற்குப் பெயர் கோழி. இப்போது அந்த நாட்டுக்கோழியையும் இன்குபேட்டரில் பொரித்துப் பண்ணையில் வளர்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய அத்தனை கோழியும் குப்பையைக் கிளறித்தான் வளர வேண்டும் என்றால் குப்பை போதாது.

கிராமம் என்ற சரக்குக்கு இந்த வட்டாரத்தில் எவ்வளவு கிராக்கி என்பதற்கு ஈமுவைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது. பெருந்துறை பக்கம் முளைத்த ஈமு கம்பெனிகள், பணம் போட்டால் குஞ்சு தருவோம், தீவனம் தருவோம், மாதாமாதம் பணமும் தருவோம் என்றன. ஆயிரக்கணக்கானவர்கள் போட்டார்கள். கறி மருந்து மாதிரி, எண்ணெய் மூட்டுவலிக்கு, முட்டை ஓடு அலங்காரத்துக்கு என்றெல்லாம் பேச்சு. 2012இல் எல்லாம் இடிந்து விழுந்து, கம்பெனிக்காரர்கள் உள்ளே போனார்கள். கைவிடப்பட்ட ஈமுக்களுக்குக் கால்நடைத் துறை தீவனம் போட வேண்டிவந்தது. ஆஸ்திரேலியப் பறவை அரசாங்கச் சாப்பாடு சாப்பிட்டது ஒன்றுதான் மிச்சம். சமையல் கோணத்திலிருந்து பார்த்தால் ஒரே ஒரு ஓட்டை: தின்பதற்கு ஆள் இல்லை. காளையும் கோழியும் வளர்த்துக் கரை கண்டவர்கள்கூட அதைக் கேட்க மறந்துபோனார்கள் என்றால், பண்ணை, தோட்டம், இயற்கை என்ற வார்த்தைகளுக்கு எவ்வளவு மயக்கம் இருக்கிறது பாருங்கள்.

‘அப்படியானால் எல்லாம் ஏமாற்று என்கிறீரா?’ என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. பிளவ்மேன்ஸ் லஞ்ச் விளம்பரத்தில் பிறந்தாலும் ரொட்டியும் சீஸும் ஒன்றுக்கொன்று பொருத்தம்தான். பெருந்துறை பக்கம் சீனாபுரத்தில் யூபிஎம் ‘நம்ம வீட்டு சாப்பாடு’ இருக்கிறது. கணவனும் மனைவியுமாக நின்று நடத்திப் பெயர் வாங்கிய இடம். பாய் அளவு இலையில் கறி வகைகளை அடுக்கிவிட்டு, போதும் என்று கையை மறைத்தாலும் விடமாட்டார்கள். ‘இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்க, ஒண்ணும் பண்ணாது’ என்பது கொங்கு உபசாரத்தின் மூல மந்திரம். அந்த வற்புறுத்தல் எந்த ஆலையிலும் உற்பத்தியாகவில்லை, அது பழைய சொத்துத்தான். ஆனால் முன்னே அது ஆள் தெரிந்தவனுக்கு, சொந்தக்காரனுக்கு, இன்னும் உடைத்துச் சொன்னால் சாதி விசாரித்தபின் கிடைத்தது. காசு கொடுத்தவன் எவனாக இருந்தாலும் அதே இலையில் அதே வற்புறுத்தல் என்பது ஓட்டல் செய்த புண்ணியம். பழைய கிராமத்தின் விருந்தை விட்டுக்கொடுத்து இந்தக் கள்ளக் கிராமத்தின் விருந்தை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் யோசிக்காமல் எடுத்துக்கொள்வேன். ஃபிளெக்ஸில் எழுதியிருக்கிற மூன்று சத்தியத்துக்கும் ஆதாரம் கேட்க மாட்டேன்.

கொஞ்சம் கனமான ஆட்சேபணை அடுத்தது. கார் வைத்திருக்கும் முதலாளிக்கும் மெர்ச்சண்டைசருக்கும் சரி, கைமடி, செக்கிங் வேலை பார்க்கிறவர்களுக்கு இதில் என்ன பங்கு? ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர் பதினெட்டு வகைக் கறிக்கு எங்கே போவார்? நியாயமான கேள்வி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கொடிவேரி அணைக்குப் போய்ப் பார்த்தால் பதிலில் பாதி கிடைக்கும். பவானி ஆறு விழுந்து ஓடுகிற இடத்தில் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு நின்றபடி, மசாலா தடவிப் பொரித்த மீனைக் காகிதத்தில் வாங்கித் தின்கிற கூட்டத்தில் பாதி திருப்பூர், ஈரோட்டு வண்டிகள். டூவீலரில் மூன்று பேர். அமராவதி அணைப் பக்கமும் திருமூர்த்தி மலைப் பக்கமும் இதே கதை. அமராவதியில் கூடுதலாக முதலைப் பண்ணை உண்டு, தின்கிறவர்களும் தின்னக்கூடியவர்களும் பக்கத்துப் பக்கத்திலேயே. இங்கிலாந்திலும் கிராமப்புறத்தை முதலில் கும்பலாக அனுபவித்தவர்கள் ஆலைத் தொழிலாளிகள்தான். லங்காஷயர் நெசவு ஊர்கள் வருஷத்தில் ஒரு வாரம் ஆலையை மூடிவிட்டு, ஊரோடு ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போயின. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளிகள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கௌட் என்ற மலைமேட்டில், ஜமீன்தார்கள் போட்டிருந்த தடையை மீறி ஏறினார்கள். சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். திருப்பூரில் குமரன் தடியடிபட்டு இறந்ததும் அதே வருஷம் ஜனவரியில். நம் ஆள் கொடிக்காக அடிபட்டார், அவர்கள் நடப்பதற்காக. இன்றைக்கு லண்டன் கனவான் புல்வெளியில் உலாத்திவிட்டு நத்தைக் கஞ்சிக்குப் போகிறார் என்றால், உலாத்துகிற உரிமையில் பஞ்சாலைக்காரன் பங்கும் இருக்கிறது.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே தைக்கிறவர்களைப் பற்றி இந்த வாதம் ஒன்றும் சொல்லவில்லையே என்றால், ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு அம்மியும் மாட்டுவண்டிச் சக்கரமும் எந்த ஏக்கத்தையும் கிளப்பாது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஊரிலேயே இருந்து கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிறார்கள். சாயங்காலம் எல்லோரும் சந்திக்கிற இடம் தள்ளுவண்டிக் காளான் கடை. முட்டைக்கோஸை மாவில் புரட்டிப் பொரித்து, மசாலாவில் கொதிக்கவிட்டு, வெங்காயம் தூவித் தருகிற அந்தத் திருப்பூர்த் தீனியில் காளான் சில நேரம் இருக்கும். இருபது வருஷம் கழித்து அவர்களில் யாராவது வசதியாகித் தன் ஊர்ப் பக்கம் போய் ஓலைக்கொட்டாய் தேடுவார் என்பது என் நிச்சயம். அங்கேயும் ஒரு சக்கரம் சாய்ந்திருக்கும்.

என் வாதத்தை நிஜமாகவே தடுக்கி விடுகிற ஆட்சேபணை ஒன்றுண்டு, அது நொய்யல். கிராமத்து விருந்தைத் தொழில் உண்டாக்கியது என்று மார்தட்டினால், அதே தொழில் கிராமத்தின் தண்ணீரைக் கெடுத்ததையும் கூடவே சொல்லியாக வேண்டும். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுதான் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய்ப் போராடி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் அவை திரும்பத் திறந்தன. அந்தக் கரையில் கெட்டுப்போன கிணறுகளை எந்த நீதிமன்றமும் இறைத்துச் சுத்தம் செய்ய முடியவில்லை. இதை நகைச்சுவைக் கட்டுரையில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சிரிக்க ஒன்றும் இல்லை. விருந்து இலைக்கு வருகிற காய்கறி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து லாரியில் வருகிறது, வாழையிலைக்குப் பவானிப் பாசனம், கோழி பல்லடம். பக்கத்துத் தோட்டத்தில் பறித்தது என்று எழுதிவைத்த போர்டு நிற்கிற ஊரிலேயே பறிக்கத் தோட்டம் இல்லாமல் இருக்கலாம். ஆகவே தொழில் கிராமத்தைக் கொன்று அதற்குப் படையலும் போடுகிறது என்று யாராவது சொன்னால், நான் சண்டைக்குப் போக மாட்டேன். இவ்வளவு மட்டும் சொல்வேன்: கொறங்காட்டில் ஆடு இன்னமும் மேய்கிறது, அந்த ஆட்டுக்கு நல்ல விலை கொடுக்கிறவர்கள் இந்த ஓட்டல்காரர்கள். மேய்ச்சல் நிலத்தை மனைக்கட்டாக்கி விற்காமல் நாலு பேர் வைத்திருக்கிறார்கள் என்றால் அதில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் பசிக்கும் கொஞ்சம் பங்கு இருக்கத்தான் செய்யும்.

இவ்வளவும் போதாது, கிராமத்தான் என்ன சொல்கிறான் என்று கேட்க வேண்டாமா என்றால், கேட்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டில் இருக்க மாட்டான். மூலனூரிலிருந்தும் குண்டடத்திலிருந்தும் குடும்பத்தோடு கிளம்பித் திருப்பூருக்கோ தாராபுரத்துக்கோ போயிருப்பான். பிள்ளைகளுக்குக் கிரில் சிக்கன் வேண்டும், பெரியவளுக்கு ஷவர்மா, சின்னவனுக்குப் பீட்சா. வீட்டம்மாவுக்கு அன்றைக்கு ஒரு வேளையாவது அடுப்புப் பற்றவைக்காமல் இருக்க வேண்டும். அங்கே ஏசியில் உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகச் சுழல்கிற கோழிகளைப் பார்த்து, ‘டவுன் சாப்பாடு டவுன் சாப்பாடுதானுங்க’ என்று திருப்தியாகச் சொல்வான். அதுவும் பல்லடத்துக் கோழிதான்.